லேபிளுக்கு நான்கு வரி

ஊபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
சரக்கு மின்தூக்கி மறுபடி பழுது.
நாலாம் தொட்டியில் பதினாறு நாளாக
ஒரு கருப்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது.

"தமிழில் நாலு வரி போதும்" என்கிறார் வெய் ஜியே.
சிராங்கூன் சாலைக் கடையொன்று
நாற்பது பெட்டி கேட்டிருக்கிறதாம்.
இங்கே தமிழ் எழுதத் தெரிந்தது
தொட்டி கழுவும் எனக்கு மட்டும்தான்.

முதல் வரி எளிது.
கருப்பு.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால்
விளிம்பில் மட்டும் ஒரு மாதுளைச் சிவப்பு.
மேலே நுரை, கருப்பட்டிப் பாகு பொங்கி அடங்கும் நிறம்.

இரண்டாம் வரியிலேயே தகராறு.
கருப்பென்றால் கனமென்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.
கீழ்த்தள டயர்க் கடை திரு. கோ
முதல் மடக்கிலேயே முகம் சுளித்தார்:
இது ஸ்டவுட் இல்லையே, ஏமாற்றுகிறாய்.
கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கள் என்றேன்.
மூடினார்.
பம்ப்ளிமாஸ், என்றார்.
சீனப் புத்தாண்டுக்கு உரித்துப் போட்ட தோல்.
திறந்தார்.
கருப்பைப் பார்த்தார்.
மறுபடி மூடிக்கொண்டார்.

எப்படியென்று சொல்ல லேபிளில் இடமில்லை.
உமி நீக்கி வறுத்த பார்லி
நிறத்தைத் தரும், கரியைத் தராது.
மிச்சமெல்லாம் ஹாப்ஸ் செய்யும் வேலை.
கோழித்தீவனம் போலப் பச்சை உருண்டைகள்;
உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால்
விரலிடுக்கெல்லாம் மஞ்சள் பிசின்,
மூன்று முறை சோப்புப் போட்டாலும் போகாது.
நேற்று எழுபத்தொன்றாம் எண் பேருந்தில்
நான் பிடித்திருந்த கம்பியை முகர்ந்துவிட்டு
ஒரு சின்னப் பையன் அம்மாவைக் கேட்டான்,
இங்கே யாரு மாங்காய் வச்சிருக்காங்க?

கசப்புக்கு நம்மிடம் பஞ்சமில்லை.
வேம்பு என்றால் மருந்தாகிவிடும்.
பாகல் என்றால் மதியச் சாப்பாடு.
சுண்டைவற்றல் கிட்டத்தட்டச் சரி,
எண்ணெயில் பொரிந்து
கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது.
ஆனாலும் வற்றல், சோற்றோடு இறங்கிவிடும்.
இது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
இன்னும் கால்மணி நேரம் பேசும் விருந்தாளி.

மூன்றாவது வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஆங்கிலக் குறிப்பில் பைன் என்றிருக்கிறது.
நான் பார்த்த ஒரே பைன்
டிசம்பரில் கடைத்தொகுதியில் நிற்கும் பிளாஸ்டிக்.
தேவதாரு என்று எழுதினேன்.
படிக்கிறவர் இமயமலைக்குப் போய்விடுவார். அடித்தேன்.
குங்கிலியம். சாம்பிராணி.
வெள்ளிக்கிழமை வந்துவிடும். அடித்தேன்.
மதியம் இரண்டரை வரை தாளில் வெறும் கோடுகள்.

அப்போது இஸ்கந்தர்
மால்ட் மூட்டை அடுக்கும் பலகைத்தட்டொன்றைத்
தூணில் மோதினார். படீர்.
ஒரு சொட்டு நாவில் பட்டறியாதவர்.
தொட்டி திறக்கும் நாட்களில் மட்டும்
மூட்டை எண்ணும் சாக்கில் பக்கத்தில் நின்றிருப்பார்.
முறிந்த துண்டை எடுத்து மூக்கருகே பிடித்தவர்,
"உங்க நாலாம் தொட்டிதானே இது?" என்றார்.

வாங்கி முகர்ந்தேன்.
பிசின். ஈரம். எனக்குத் தெரியாத ஒரு குளிர்.
தினமும் இதன் மேல் ஏறி நின்றுதான்
தொட்டியின் வெப்பமானியை எட்டிப் படிக்கிறேன்.

எழுதிவிட்டேன்:

கருப்பு; கண்ணை மூடினால் வேறு.
பம்ப்ளிமாஸ் தோல்.
சற்றுமுன் முறிந்த பலகை.
கருகலுக்குத் தப்பிய சுண்டைவற்றல்.

கைப்பேசி அதை மொழிபெயர்த்துக் காட்ட
வெய் ஜியே இரண்டு தடவை படித்தார்.
"பலகையா? பலகையை யார் வாங்குவார்கள்?"
பதில் சொல்லாமல் துண்டை நீட்டினேன்.
அவசரமாக வாங்கியதில்
கட்டைவிரலில் சிலாம்பு ஏறிவிட்டது அவருக்கு.
வாயில் வைத்து உறிஞ்சியபடி
நாலாம் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.